பீங்கான் ஊரும் முந்திரிக் காடும்

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் இரயில் வண்டி விருத்தாசலம் சந்திப்பில் நிற்கும்போது, பயணிகளில் பலர் பீங்கான் ஊர் வந்துவிட்டது என்று கூறக் கேட்டிருக்கிறோம். ஊரின் பழம்பெயர் திருமுதுகுன்றம். கடலூருக்கும் சேலத்திற்கும் கிளைப் பாதைகள் பிரியும் இடம் இது. ஊரை ஒட்டி மணிமுத்தாறு ஓடுகிறது. ஓடுகிறது என்பதைவிட, மழைக்காலத்தில் ஓடிப் பிற மாதங்களில் மணலாய்க் கிடக்கிறது என்பதே மெய். இங்குள்ள பீங்கான் தொழிற்பேட்டையில் செய்யப்படும் கிண்ணங்களும் மின்காப்புப் பொருள்களும் பொம்மைகளும் அகல் விளக்குகளும் தமிழகமெங்கும் செல்கின்றன. பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிப்பதற்கென்றே ஒரு கல்வி நிலையமும் உண்டு.

ஆயினும் இக்கட்டுரையில் நாம் பீங்கானைப் பற்றி எழுதப் போவதில்லை. அதே ஊரில், அதே மண்ணின்மேல், அதிக ஓசையின்றி நடந்துவரும் வேறொரு பணியைப் பற்றி எழுதவே விழைகிறோம். உயிரியல் ஆராய்ச்சி என்றால் பெருநகரங்களில் குளிரூட்டப்பட்ட கூடங்களில் நடப்பது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். விருத்தாசலத்தில் அது முந்திரி மரத்தடியிலும் மல்லாட்டைக் கொல்லையிலும் நடக்கிறது.

முதலில் மண்ணைச் சற்றுத் தோண்டிப் பார்ப்போம். மேலே இருப்பது சிவந்த மணற்பாங்கான மண். அதன் கீழே கடலூர் மணற்கல் எனப் புவியியலார் அழைக்கும் படிவம். நெய்வேலிப் பக்கம் இப்படிவத்தினூடே வெண்களிமண்ணும், அதற்கும் கீழே பழுப்பு நிலக்கரியும் கிடக்கின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணுள் புதைந்த காடுகளே அந்நிலக்கரி. திருவக்கரையில் கல்லாய்ச் சமைந்து கிடக்கும் மரங்களும் இதே படிவத்தைச் சேர்ந்தவையே. வெண்களிமண்ணிலிருந்து பீங்கான் பிறந்தது. மேலே உள்ள செம்மண்ணோ நீரைத் தேக்காது; சத்தும் குறைவு. நெல்லுக்கு ஆகாத அந்நிலத்தில் என்ன விளையும்? இவ்வினாவுக்கு இவ்வட்டாரத்து உழவர் இரண்டு விடைகளைக் கண்டனர்: முந்திரி, நிலக்கடலை. இரண்டுமே தென்னமெரிக்காவில் தோன்றி, கடல் கடந்து வந்த பயிர்கள்.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். நம் பழைய கிறித்தவ நூல்களில் முந்திரி, முந்திரிகை என்று வருமிடங்களில் திராட்சையையே பொருளாகக் கொள்ள வேண்டும். இலங்கைத் தமிழர் இன்றும் திராட்சையை முந்திரிகை என்றும், நாம் உண்ணும் முந்திரியை மரமுந்திரிகை என்றும் வேறுபடுத்துகின்றனர். நிலக்கடலையோ தென்னார்க்காட்டில் மணிலாக்கொட்டையாகி, நாவில் தேய்ந்து மல்லாட்டையாயிற்று. பிலிப்பைன்சு நாட்டுத் தலைநகரின் பெயர் நம் சந்தைகளில் இவ்வாறு தேய்ந்து வழங்குவது வியப்பே!

ஒரு மரத்தின் குணம்

முந்திரியைப் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் நம் நாட்டின் மேற்குக் கரைக்குக் கொணர்ந்தனர். மண்ணரிப்பைத் தடுக்கும் மரமாகவே அது தொடக்கத்தில் மதிக்கப்பட்டது. பருப்பின் பெருமை பின்னர்த்தான் தெரிந்தது. நாம் பழம் என்று கருதுவது உண்மையில் பருத்த காம்பு; அதன் நுனியில் தொங்கும் கொட்டையே மெய்யான கனி.

இம்மரத்திடம் உழவரை ஏமாற்றும் குணம் ஒன்றுண்டு. ஒரே பூங்கொத்தில் ஆண் பூக்களும் இருபால் பூக்களும் கலந்து மலர்கின்றன. பூச்சிகளின் உதவியால் அயல் மரத்தின் மகரந்தம் வந்து சேர்கிறது. ஆகவே, மிகச் சிறந்த மரம் ஒன்றின் கொட்டையை எடுத்து ஊன்றினாலும், முளைக்கும் கன்று தாயைப் போலிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஒரு மரம் காய்த்துக் குலுங்க, அதன் பிள்ளை பெயருக்குக் காய்க்கும். தலைமுறை தலைமுறையாகக் கொட்டையை ஊன்றியே வளர்த்த தோப்புகளில், மரத்திற்கு இரண்டு மூன்று கிலோ கிடைத்தால் போதுமென உழவர் மனநிறைவு கொண்டதன் காரணம் இதுவே.

விருத்தாசலத்தில் உள்ள மண்டல ஆராய்ச்சி நிலையம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. முந்திரிக்கான அனைத்திந்திய ஒருங்கிணைந்த ஆய்வுத் திட்டத்தின் மையங்களுள் ஒன்றாகவும் இது விளங்குகிறது. இங்குள்ளோர் செய்த முதற்பணி, கேட்பதற்கு மிக எளியது: நல்ல மரங்களைத் தேடிச் செல்வது. சிற்றூர்த் தோப்புகளில் மிகுதியாகக் காய்க்கும் மரங்களைக் கண்டு, அவற்றின் வழித்தோன்றல்களை நிலையத்தில் வளர்த்து, ஆண்டுதோறும் ஒவ்வொரு மரத்தின் கொட்டையையும் தனித்தனியே எடையிட்டுக் குறித்தனர். முந்திரி ஆண்டுக்கு ஒருமுறைதான் காய்க்கும். நெல்லை ஆய்பவர் மூன்று ஆண்டுகளில் காண்பதை, முந்திரியை ஆய்பவர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்து காண வேண்டும். தாம் நட்ட கன்றின் முடிவைக் காணுமுன்னரே பணிமாற்றம் பெற்றோ ஓய்வு பெற்றோ சென்றவர் எத்தனை பேரோ!

அப்பொறுமையின் பயனாக 1981இல் வி.ஆர்.ஐ. 1, 1985இல் வி.ஆர்.ஐ. 2, 1991இல் வி.ஆர்.ஐ. 3 என்னும் முந்திரி இரகங்கள் வெளிவந்தன. இவற்றுள் மூன்றாவதே பெரும்புகழ் பெற்றது. மரம் ஒன்றுக்குச் சராசரி 10 கிலோ கொட்டை. ஒரு கொட்டையின் எடை ஏறத்தாழ 7 கிராம். நூறு கிலோ கொட்டையை உடைத்தால் 29 கிலோ பருப்பு. ஓர் எக்டேரில் 7 மீட்டர் இடைவெளியில் 200 மரங்கள் நின்றால், கணக்கு 2,000 கிலோவைத் தொடுகிறது. கணக்கு வேறு, கொல்லை வேறு என்பதை நாமறிவோம். எனினும் பழைய விளைச்சலில் அது பன்மடங்கு.

பருப்பின் பருமனுக்கும் வாணிகத்தில் மதிப்புண்டு. கடைகளில் 320 என்றும் 210 என்றும் தரம் குறிக்கிறார்களே, அவை ஒரு பவுண்டு எடையில் எத்தனை முழுப் பருப்புகள் அடங்கும் என்பதைக் குறிக்கும் எண்கள். எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் கூடுதல். முதலிரண்டு இரகங்கள் 320ஆம் தரத்தவை. வி.ஆர்.ஐ. 3 தருவது 210ஆம் தரம்.

தாயின் குணம் மாறாதிருக்க ஒட்டுக்கட்டுதலே வழி. இரண்டு திங்களுக்கு உட்பட்ட நாற்றின் இளந்தண்டைப் பிளந்து, தேர்ந்த மரத்திலிருந்து எடுத்த குச்சியை ஆப்பு வடிவில் சீவிச் செருகி, ஞெகிழித் தாளால் இறுகக் கட்டிவிடுகின்றனர். குச்சியை வெட்டுவதற்குப் பத்து நாள் முன்னரே அதன் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும்; அப்போதுதான் மொட்டு பருக்கும். இவ்வேலையில் கைதேர்ந்தவர் செய்வதைப் பார்த்து நின்றால் பொழுது போவதே தெரியாது. கத்தி, தாள், கட்டு. கத்தி, தாள், கட்டு. நாமும் ஒன்றை முயன்று பார்த்தோம். அது பிழைத்ததா என்று கேட்காமலிருப்பது வாசகர்களின் பெருந்தன்மை.

2011 டிசம்பர் 30

அன்று அதிகாலை, தானே எனப் பெயரிடப்பட்ட புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் வட்டாரங்களில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. நெல் மூழ்கினால் அடுத்த பருவத்தில் மீண்டும் நடலாம். நாற்பது ஆண்டு நின்ற தோப்பு ஒரே காலையில் விழுந்தால் என் செய்வது? மகளின் திருமணத்தையும் மகனின் படிப்பையும் அத்தோப்பை நம்பித் திட்டமிட்டிருந்த குடும்பங்கள் பல. சாய்ந்த மரத்தை அறுத்து அகற்றவே கையில் பணமில்லாதோர் உண்டு. விறகு மலிந்து, விலை வீழ்ந்தது.

முதிய உழவர் ஒருவர் நம்மிடம் பேசுகையில், மரம் விழுந்ததைவிட நிழல் போனதுதான் தம் மனத்தை வாட்டியது என்றார். பங்குனி, சித்திரையில் கொட்டை பொறுக்கும் காலம் முழுவதும் குடும்பமே அந்நிழலில்தான் கிடக்குமாம். அவர் முதலில் ஒட்டுக்கன்றை நம்பவில்லை. முழங்கால் உயரக் கன்று மூன்றாம் ஆண்டே காய்க்கும் என்பது அவருக்கு விளையாட்டுப் பேச்சாகப்பட்டது. “கொட்டை போட்டு வளத்த மரந்தானுங்க ஐயா ஆணிவேர் விடும், காத்துக்கு நிக்கும்” என்று வாதிட்டிருக்கிறார். அவர் கூற்றில் உண்மையே இல்லையென நாம் தள்ளிவிட மாட்டோம். ஆயினும் ஒட்டுக்கன்றின் அடிப்பாகமும் கொட்டையிலிருந்து முளைத்த நாற்றே, வேர் அதனுடையதே. அன்றியும், தானேயின் வேகத்தின் முன் ஆணிவேர் விட்ட முதுமரங்களே நிற்கவில்லை.

புயலுக்குப் பின் நடப்பட்ட தோப்புகளில் வி.ஆர்.ஐ. 3 ஒட்டுக்கன்றுகள் பெரிதும் இடம் பெற்றன. விருத்தாசலத்தில் முப்பதாண்டுகளாகச் சேர்த்து வைத்த அறிவு ஒரே நாளில் தேவைப்பட்டது. அது முன்னரே அங்கு இருந்ததால்தான் உதவிற்று. துன்பம் வந்த பிறகு மரத்தைத் தேடப் புறப்பட்டிருந்தால், விடை கிடைக்க இன்னும் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

இங்கே நமக்கு ஓர் அச்சமும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. கொட்டையிலிருந்து வளர்ந்த பழந்தோப்பில் ஒவ்வொரு மரமும் ஒரு தனிப்பிறவி. ஒட்டுக்கன்றுத் தோப்பிலோ அனைத்தும் ஒரே மரத்தின் படிகள். ஒன்றை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்த வல்லது. மேலும், புயலில் சாய்ந்த பழைய மரங்களுள் இன்னொரு வி.ஆர்.ஐ. 3 இருந்திருக்கலாமே! புகழ்பெற்ற அந்த இரகத்திற்கு மூலமான மரமும் ஒரு காலத்தில் யாரோ ஓர் உழவரின் தோப்பில் பெயரின்றி நின்றதுதான். ஆய்வு நிலையம் பல்வகை மரங்களைத் தொகுத்துக் காத்துவருவது இக்காரணத்தால் இன்றியமையாததாகிறது. உழவரும் ஒரே இரகத்தை நடாமல் இரண்டு மூன்றைக் கலந்து நடுவதே அறிவுடைமை என்பது நம் கருத்து.

பூச்சியும் நஞ்சும்

முந்திரிக்கு இரு பகைவர் உண்டு. ஒன்று, தண்டையும் வேரையும் துளைக்கும் வண்டின் புழு. அடிமரத்தில் பிசினும் மரத்தூளும் கசிந்தால் உள்ளே புழு இருக்கிறதென்று பொருள். அதை உளியால் தோண்டி எடுத்து, தாரையும் மண்ணெண்ணெயையும் ஒன்றுக்கு இரண்டு என்னும் அளவில் கலந்து பூசுவர். கவனியாது விட்டால் மரமே பட்டுப்போகும். மற்றது தேயிலைக் கொசு. பெயரில்தான் கொசு, இளந்தளிரின் சாற்றை உறிஞ்சிப் பூங்கொத்தைக் கருக்கிவிடும் நாவாய்ப்பூச்சி இனம்.

இச்சிறு பூச்சியின் பெயரால் நிகழ்ந்த கொடுமையை நாடு மறக்கலாகாது. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில், முந்திரித் தோட்டங்களின்மீது எண்டோசல்பான் என்னும் நஞ்சு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வானூர்தியிலிருந்து தெளிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டுடன் தெளிப்பு நின்றது. அதற்குள் தோட்டங்களைச் சூழ்ந்த சிற்றூர்களில் உடற்குறையோடு பிறந்த குழந்தைகளும், நரம்பு நோயுற்றோரும் பலர். 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்நஞ்சின் உற்பத்திக்கும் விற்பனைக்கும் நாடெங்கும் தடை விதித்தது. ஒரு பூச்சியின் வாழ்க்கை முறையை அறிந்து, எப்போது தெளிப்பது, எதைத் தெளிப்பது, எங்கே தெளிக்காமலே விடுவது என்று ஆய்ந்து கூறும் பணி எவ்வளவு பெரிது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு தேயிலைக் கொசுவை இரையாக்குவதைப் பல நாட்டு அறிஞர்கள் பதிவு செய்துள்ளனர். கடித்தால் நெருப்பாய் எரியும் அவ்வெறும்பு, கொட்டை பொறுக்குவோருக்கு வேண்டாத விருந்தாளிதான்.

மல்லாட்டைக் கொல்லையில்

நிலக்கடலையின் வாழ்க்கை முந்திரியினும் விந்தையானது. பூ மண்ணுக்கு மேலே மலர்கிறது. கருவுற்றபின் அதன் அடியிலிருந்து ஊசி போன்ற விழுது இறங்கி மண்ணைத் துளைக்கிறது. காய் இருளிலே முதிர்கிறது. தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைக் காய் தன்னைச் சூழ்ந்த மண்ணிலிருந்தே நேராக உறிஞ்சும். இதை அறிந்ததால்தான், விதைத்த 40, 45ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்குமாறு வேளாண் துறையினர் கூறுகின்றனர். இடாத கொல்லையில் காய் நிறைந்தாற்போல் தோன்றும். உடைத்தால் உள்ளே காற்று.

19ஆம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்து மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சு நாட்டின் மார்சேய் நகருக்குக் கப்பல் கப்பலாகச் சென்றது. அங்கே அது எண்ணெயும் சவர்க்காரமுமாயிற்று. இன்றும் விருத்தாசலம் விற்பனைக் கூடத்தில் அறுவடைக் காலத்தில் மூட்டைகள் குவிகின்றன. ஆராய்ச்சி நிலையம் 1986இல் வி.ஆர்.ஐ. 1 என்னும் நிலக்கடலையையும், 1989இல் வி.ஆர்.ஐ. 2ஐயும் வெளியிட்டது. இரண்டாவது, மராட்டியத்தின் ஜல்காவ் நகரிலிருந்து வந்த ஜே.எல். 24க்கும் கோவையின் கோ 2க்கும் நடந்த திருமணத்தின் பயன். அதன் பின்னரும் பல இரகங்கள் வந்துள்ளன. எள்ளிலும் இந்நிலையத்தின் பெயர் தாங்கிய இரகங்கள் உண்டு.

ஆனால் நல்ல இரகம் பிறப்பது வேறு, உழவரின் கையைச் சேர்வது வேறு. நெல்லில் ஒரு பிடி விதை ஒரு மரக்காலாகும். நிலக்கடலையிலோ ஏக்கருக்கு ஏறத்தாழ 50 கிலோ பருப்பு வேண்டும். விளைவது அதைப்போல் எட்டுப் பத்து மடங்கே. ஆகையால் புதிய இரகத்தின் விதை ஊரெல்லாம் பரவ ஆண்டுகள் பல ஆகின்றன. இதற்குள் விதைக்கென எடுத்து வைத்ததையும் வீட்டின் தேவைக்கு விற்றுவிடும் நிலை ஏழை உழவனுக்கு. அடுத்த ஆடியில் அவன் கடைத்தெருவில் வாங்கும் விதை எந்த இரகம் என்பது விற்பவருக்கே தெரியாது!

குடும்பத் தலைவியர்க்கு ஒன்று கூறவேண்டும். ஈரம் காயாமல் மூட்டையிட்ட கடலையில் ஒருவகைப் பூஞ்சணம் படர்ந்து, அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சம் வான்கோழிகள் காரணம் அறியாமல் மடிந்தபோது, அவை தின்ற பிண்ணாக்கை ஆராய்ந்தே இந்நஞ்சைக் கண்டறிந்தனர். கல்லீரலைத் தாக்கும் இந்நஞ்சு, வறுப்பதாலும் வேகவைப்பதாலும் முற்றிலும் அழிவதில்லை. பூஞ்சணம் பூத்த, சுருங்கிய, நிறம் மாறிய பருப்பை வீணாக்கக் கூடாதே என்று குழந்தைகளுக்குக் கொடுத்துவிட வேண்டாம். கால்நடைக்கும் வேண்டாம்.

அக்கம்பக்கம்

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலம் தனித்து நிற்கவில்லை. கடலூரின் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தந்த கோ.சி. 671 என்னும் கரும்பு, சர்க்கரைச் சத்து மிகுதியால் மராட்டியத்து ஆலைகள்வரை சென்றது. பின்னர்ச் செவ்வழுகல் நோய்க்கு எளிதில் இரையானது அதன் குறை. பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையம் உள்ளது. பலாவிலும் பெயர் பெற்றது. மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலக்க, வெள்ளாறு கடலைச் சேருமிடம் பரங்கிப்பேட்டை. அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம், பேராசிரியர் ஆர். வி. சேஷையாவின் முயற்சியால் எழுந்து, உலகறிந்த நிலையமாக வளர்ந்தது. செம்மண் மேட்டிலிருந்து கழிமுகம்வரை இத்தனை ஆய்வுக்கூடங்கள் அமைந்த மாவட்டங்கள் மிகச் சிலவே.

தொழிலின் நிலை அவ்வளவு ஒளி பொருந்தியதன்று. பண்ருட்டியைச் சுற்றியுள்ள முந்திரி ஆலைகளுக்கு உள்ளூர்க் கொட்டை போதவில்லை. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து தூத்துக்குடி வழியாகக் கொட்டை வருகிறது. நம் தோப்புகளின் விளைச்சல் உயராதவரை இந்நிலை மாறாது. பழமோ பெரும்பாலும் மரத்தடியிலேயே அழுகுகிறது. ஆரஞ்சினும் பன்மடங்கு உயிர்ச்சத்து ‘சி’ நிறைந்தது. தொண்டையைக் கரகரக்கச் செய்யும் துவர்ப்பை நீக்கும் முறைகளும் தெரிந்தவையே. ஆயினும் பறித்த மறுநாளே அது கெட்டுவிடுவதால், தொழிலதிபர்கள் கை வைக்கத் தயங்குகின்றனர்.

கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய், வண்ணப்பூச்சுக்கும் மோட்டார் வண்டிகளின் தடைப்பட்டைகளுக்கும் பயன்படும் விலையுள்ள பொருள். அதே எண்ணெய் தோலில் பட்டால் வெந்து கொப்புளமாகும். ஆலைகளிலும் வீட்டுத் திண்ணைகளிலும் கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலையோ ஆமணக்கெண்ணெயையோ பூசிக்கொண்டு அமர்கின்றனர். கருத்துப்போன அவர்தம் விரல் நுனிகளைக் கண்டபின் முந்திரிப் பருப்பைப் பாயசத்தில் இடும்போது நமக்கு நினைவு வேறெங்கோ செல்கிறது. விளைச்சலைப் பெருக்க முப்பது ஆண்டு உழைத்த அறிவுலகம், இவ்விரல்களுக்காக மூன்று ஆண்டு உழைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. கையுறைகள் உண்டு; அணிந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் கூலி குறையும். எடைக்குக் கூலி என்னும் முறை இருக்கும்வரை, கையுறை ஆணியில்தான் தொங்கும்.

நாம் விடைபெற்றுப் புறப்படுமுன், அம்முதிய உழவர் தம் புதுத்தோப்பிற்கு நம்மை அழைத்துச் சென்றார். முழுமையாக ஒட்டுக்கன்றுகளை நடவில்லை அவர். மேற்கு வரப்பை ஒட்டி, புயலுக்குத் தப்பிய ஒரே பழைய மரத்தின் கொட்டைகளை ஊன்றிப் பத்துக் கன்றுகள் வளர்த்திருக்கிறார். அவை ஒட்டு மரங்களைவிட உயரம், காய்ப்பில் குறைவு. ஒன்று மட்டும் கிளை தாழக் காய்த்திருந்தது. அதன் கொட்டைகளைத் தனியே ஒரு சாக்கில் கட்டி வைத்திருக்கிறார். அதை எடையிட்டுப் பார்க்க ஆராய்ச்சி நிலையத்தாரை அழைத்து வரவேண்டுமென்று தம் பேரனிடம் சொல்லியிருக்கிறாராம்.